மூன்றாம் வரிசை

மீன் ஆலையின் சம்பளக் கணக்கு என்னுடையது.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்பும் ஊர்.
பகல் பதினொன்றுக்கும்
விளக்குக் கம்பத்தின் மஞ்சளில்தான் பனி தெரியும்.

மூன்றாம் வரிசையில்
மீனைக் கீறிக் குடல் எடுப்பவர்கள் நான்கு பேர்.
ஹகோஸ், எரித்ரியா.
ருஃபாரோ, ஜிம்பாப்வே.
ஜியூகஸ், லித்துவேனியா.
ஃபரா, ஹோம்ஸ் நகரம்; அங்கே அவள் தெரு இப்போது இல்லை.

ஒரு நாள் காப்பி இடைவேளையில்
ருஃபாரோதான் ஆரம்பித்தாள்.
என் பெயருக்கு எங்கள் மொழியில் மகிழ்ச்சி என்று அர்த்தம்.
கையுறையைக் கழற்றாமலே ஹகோஸ் கை தூக்கினான்:
எனக்கும்.
ஃபரா ரொட்டியை மென்றபடி தலையாட்டினாள்.
மூன்று பேரும் ஜியூகஸைப் பார்த்தார்கள்.
அவன் கடுகடுவென்று கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு
ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல்
"ஆமாம்" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.
ஒலிபெருக்கியில் மேற்பார்வையாளர் கத்துகிறார்:
மகிழ்ச்சியே, கத்தியைத் தீட்டு.
மகிழ்ச்சியே, கால்மணி நேரம் தாமதம்.
மகிழ்ச்சி வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டில் சுளுக்கு,
காப்பீட்டுப் படிவம் இணைப்பில்.
மகிழ்ச்சிக்கு இந்த மாதம் வரி அதிகம் பிடித்துவிட்டோம்,
பிப்ரவரியில் சரிசெய்யப்படும்.
அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ருஃபாரோவுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் தங்கவில்லையாம்.
பெயர் வைத்த அன்று அவள் அம்மா சிரிக்கவே இல்லையாம்,
உரக்கச் சிரித்தால் இதுவும் போய்விடுமோ என்று.
ஃபராவின் ஊரில் கல்யாணத்துக்கும் அதே சொல்.
வாரம் தவறாமல் யாராவது வாசலில் வந்து
அவள் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுப் போவார்களாம்.
அவளுடைய கல்யாணம் மட்டும்
பதிவு அலுவலகத்தில், இரண்டு சாட்சிகளோடு, ஏழு நிமிடம்.
ஜியூகஸ் எதுவும் சொன்னதில்லை.

உன் பெயருக்கு, என்று என்னையும் கேட்டார்கள்.
போர்கில்ட். கோட்டை, அப்புறம் சண்டை.
ருஃபாரோ சிரித்த சிரிப்பில்
மேஜைத் தராசின் முள் ஆடியது, சத்தியமாக.
"அதானே, முன்பணம் கேட்டால் தெரிகிறதே."

ஜனவரியில் ஹகோஸ் ஒரு விடுப்புப் படிவம் நீட்டினான்.
ஆறு வருடமாய்ப் பார்க்காத மகள் வருகிறாள்.
பெயர்: விந்தா ஹகோஸ்.
அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது,
தகப்பன் பெயரே பிள்ளைக்குப் பின்னால் வரும்.
எழுதிவைக்கச் சொத்து என்று
அது ஒன்றுதான் இருக்கிறது என்றான்.

புயல். சின்ன விமானம்
பக்கத்து ஊர் வரை வந்து திரும்பிப் போனது.
மறுநாளும் ரத்து.
விமான நிலையப் பெண் தொலைபேசியில் சொன்னாள்:
குமாரி ஹகோஸ் இன்றும் புறப்படவில்லை.
ஃபரா தன் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் விடிவதற்குள்
(விடியாத ஊரில் அப்படிச் சொல்லக் கூடாது, ஐந்து மணிக்கு)
ஜியூகஸ் தன் பழைய வேனுக்குச் சங்கிலி மாட்டி
யாரையும் கேட்காமல் ஹகோஸை ஏற்றிக்கொண்டு
பனி அள்ளும் வண்டியின் பின்னாலேயே
இருநூறு கிலோமீட்டர் போனான்.

வருகைப் பதிவேட்டில் ஹகோஸுக்கு விடுப்பு உண்டு.
ஜியூகஸுக்கு நேரே என்ன எழுதுவது?
பேனாவை இரண்டு முறை மூடித் திறந்து
"உடல்நலக் குறைவு" என்று எழுதினேன்.
இருபது வருடத்தில் என் முதல் பொய்க் கணக்கு.

இரவு எட்டுக்கு வேன் ஆலை வாசலில் நின்றது.
பதினான்கு வயது. புகைப்படத்தைவிட ஒல்லி.
அப்பாவிடமிருந்து இரண்டடி தள்ளியே நின்றாள்.
அவள் பை ஜியூகஸின் தோளில் தொங்கியது,
இறக்கிவைக்க மறந்திருந்தான்.
ருஃபாரோ கை நீட்டித் தன் பெயரைச் சொன்னாள்.
ஃபரா சொன்னாள்.
அந்தப் பெண் எதற்கும் சிரிக்கவில்லை.
கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு
முன்னால் நடந்தேன்.